காணாமல் கொடுத்த பரிசில்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘புலவரும் புரவலரும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் முனைவர்ப்பட்ட ஆய்வு பரிசில் துறைப் பாடல்களைப் பற்றியது என்பதால் இத்தலைப்பு எனக்கு எளிது என்று செயலாளர் எண்ணியிருக்கக் கூடும். நானும் அப்படித்தான் எண்ணிக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். இடையில் ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னை வேறு மைதானத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டது. ஆகவே இன்று நான் பேசப்போவது ஹாக்கியைப் பற்றி. தலைவர் புருவத்தை உயர்த்துகிறார். சற்றுப் பொறுத்தருள வேண்டும், புறநானூற்றுக்கும் வந்துசேர்வேன்.

ஹாக்கியை வளைகோற்பந்து என்று வகுப்பறையில் சொல்வேன். மைதானத்தில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். இங்கும் ஹாக்கி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

2025 சனவரி முடிவில், ஹாக்கி இந்தியா லீக் தொடரில் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ அணி அரையிறுதியை எட்டியிருந்தது. எங்கள் கல்லூரி அணியில் ஆடும் மாணவி ஒருத்தி, இந்த ஆற்றங்கரை ஊர்களில் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவள், துறை அறைக்கு ஏதோ கையெழுத்துக்காக வந்தாள். அவளை மகிழ்விக்க எண்ணி, “நம்ம டீம் செமி ஃபைனல் வந்துருச்சாமே” என்றேன். அவள் முகம் மலரவில்லை. “அம்மா, அந்த டீம்ல பொண்ணுங்களுக்கு எடமே இல்லியேம்மா. அப்புறம் எப்படிம்மா அது நம்ம டீம்?” என்றாள். கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று பாடம் நடத்த மனம் ஓடவில்லை.

அவள் சொன்னது மெய். அந்த ஆண்டுதான் பெண்களுக்கென்று அந்த லீக் முதன்முறையாக நடந்தது. ஆண்களுக்கு எட்டு அணிகள், பெண்களுக்கு நான்கு. தில்லி, ஒடிசா, வங்காளம் ஆகியவற்றின் பெயரில் மூன்று. ‘சூர்மா’ என்னும் அணி நான்காவது. தமிழகத்தின் பெயரில் மகளிர் அணி இல்லை. அவளுடைய கேள்வியில் இன்னொரு கேள்வியும் உள்ளடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. ஓர் அணி எப்போது ஓர் ஊருக்கு ‘நம்முடையது’ ஆகிறது? பெயர் வைத்தால் போதுமா?

பெயரைப் பற்றியே முதலில் ஒரு சொல். 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னையின் பெயரில் ஓர் அணி வந்தது. ‘சென்னை வீரன்ஸ்’ என்று பெயர். வீரன் என்னும் ஒருமைக்கு ஆங்கிலப் பன்மை விகுதி சேர்த்த இப்புணர்ச்சிக்கு எந்த நூற்பாவில் விதி தேடுவது? முதலாண்டு ஆட்டங்கள் யாவும் ஐதராபாத்தில் நடந்தன. 2008-ஆம் ஆண்டோடு அந்த லீக்கே நின்றுபோயிற்று. பிறகு 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. நம் அணியின் பெயர் ‘சென்னை சீட்டாஸ்’. வீரன் சிறுத்தையாயினான். எழும்பூர் மேயர் இராதாகிருட்டிணன் மைதானத்தில் ஆடினார்கள். பார்க்கக் கூட்டமும் வந்தது. ஆனால் அது உலக ஹாக்கிக் கூட்டமைப்பின் ஏற்பில்லாத தொடர். ஒரே பருவத்தோடு முடிந்தது. பேசிய ஊதியம் வந்துசேரவில்லை என்று வீரர்கள் முறையிட்ட செய்தி அதற்குப் பின்னும் நெடுநாள் வந்துகொண்டிருந்தது. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழகத்துக்கு அணியே இல்லை. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் அந்த லீக் மீண்டும் உயிர்பெற்றபோது, 2024-இல், டிராகன்ஸ் வந்தது. டிராகன் நம் மண்ணின் விலங்கன்று. நம் தூண்களில் யாளி இருக்கிறது. கேட்டிருந்தால் இந்த அவையில் யாரேனும் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு முறை பெயர் மாறியது. ஒவ்வொரு முறையும் நிறம் மாறியது, கொடி மாறியது, முழக்கம் மாறியது. மாறாமல் இருந்தவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே. இரசிகன் என்பவனை விசுவாசி என்கிறோம். விசுவாசம் இருபுறமும் ஓடவேண்டிய ஆறு அல்லவா?

இனிப் புறநானூற்றுக்கு வருகிறேன். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் மலைகள் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அதியமான் கொடையில் குறை வைப்பவன் அல்லன். ஆயினும் அன்று அவன் புலவரை நேரில் காணாமல், பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார். என்னைக் காணாமல் தந்த பொருளைப் பெற்றுச்செல்ல நான் வணிகன் அல்லேன். என் தகுதியை அறிந்து தருவாயாயின் தினையளவு தந்தாலும் எனக்கு இனிது என்னும் கருத்தில் பாடினார். 208-ஆம் பாட்டு. என் ஆய்வேட்டில் இப்பாட்டுக்கு ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த ஏழு பக்கத்திலும் இந்த மாணவி கேட்ட கேள்வி இல்லை.

ஏலத்தைச் சற்று நினைத்துப்பாருங்கள். 2024 அக்டோபரில் தில்லியில் வீரர்கள் ஏலம் போனார்கள். இந்திய அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்ச ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். ஆண்களில் அதுவே உச்சம். பெண்களில் உச்சம் உதிதாவுக்குக் கிடைத்த 32 இலட்சம். இத்தொகைகளை நான் பழிக்கவில்லை. பசியோடு ஆடிய வீரர்களின் நாடு இது. ஆடுபவன் கையில் பணம் சேர்வது நல்லதே. எனக்குள்ள தயக்கம் வேறு. ஓர் அணியில் 24 பேர். அவர்களில் 16 பேர் இந்தியர், அவர்களுள்ளும் நால்வர் இளையோர். எஞ்சிய 8 பேர் அயல்நாட்டவர். இந்த விதியில் நாடு உண்டு, வயது உண்டு, ஊர் இல்லை. 2024 திசம்பர் 28 முதல் 2025 பெப்ரவரி 1 வரை ஐந்து வாரம் ஆட்டம். ஆண்கள் ஆட்டம் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில். தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணி, அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டு மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. காணாமல் கொடுத்த பரிசில் என்றால் இதுவும் அதுதான். வீரனை ஊர் காணவில்லை. ஊரை வீரன் காணவில்லை. பொருள் மட்டும் கைமாறிற்று.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவத்தில், 2026 சனவரியில், ஒரு பகுதி ஆட்டங்கள் சென்னையில் நடந்தன. காணவேண்டியவர்களைக் காண அதியமான் ஒருமுறை வாயிலுக்கு வந்தான் என்று அதை நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன்.

பழைய அணிகள் வேறுவகை. இரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிலகம், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை என்று நிறுவனங்கள் தமிழகத்தில் அணி நடத்தின. அங்கே ஆட்டக்காரன் ஏலப்பொருள் இல்லை, ஊழியன். ஆடும் வயது முடிந்த பின்னும் மேசையும் நாற்காலியும் அவனுக்கு உண்டு. இரவு வண்டிகளில் நம் பயணச்சீட்டைச் சரிபார்த்தவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் வலைக்குள் பந்தைச் செலுத்தியவர்கள், நாம் அறிந்ததில்லை.

என் தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் பணியாற்றியவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் இங்கு இடம்பெயர்ந்த பணிமனை அது. குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில் மாலை வேளையில் ஹாக்கி ஆடுவார்கள். சங்கு ஊதியதும் பணிமனையிலிருந்து வெளிவருபவர்கள் மிதிவண்டியை வேலியோரம் சாய்த்துவிட்டு நிற்பார்கள். அப்பா என்னைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பார். ஆட்டம் எனக்கு விளங்காது. ஆனால் பந்தை விரட்டி ஓடிய ஒருவரைக் காட்டி, “அவரு லேத்துல எங்க செக்சன்” என்று அப்பா சொன்ன குரலில் இருந்த பெருமை இன்றும் காதில் இருக்கிறது. காலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் மாலையில் மைதானத்தில் ஓடுகிறார். அந்த அணியை ‘நம்முடையது’ என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் பாடமாட்டேன். வேலைக்கு ஆள் எடுப்பதில் சிபாரிசு இருந்தது. பெண்களுக்கு அங்கேயும் இடம் சுருங்கியே இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், மாநில அணிக்கு ஆடியவள், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள். பெண்கள் அணி வைக்கும் எண்ணம் இல்லை என்று ஒரே வரியில் விடை வந்தது. இன்று அவள் துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள்.

கேட்டுப் பெறுவதும் எளிதாக இருந்ததில்லை. தன்ராஜ் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். பூனாவை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக்கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு என்று ஆடியவர். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு வந்த முதல் தங்கம். வீரர்களுக்கு உரிய தொகையைத் தரவேண்டும் என்று வாய்திறந்து பேசியவர் அவர். அடுத்த தொடருக்கு அணி அறிவிக்கப்பட்டபோது அவரும் வேறு சில மூத்தவர்களும் அதில் இல்லை. ஓய்வு கொடுத்திருப்பதாகக் காரணம் சொன்னார்கள். வென்று வந்த வீரனை யானைமேல் ஏற்றிய மரபைப் படித்துவிட்டு, இதையும் படிக்க நேர்கிறது.

சரி, தமிழ்நாட்டில் ஹாக்கி உண்மையில் எங்கே வாழ்கிறது? விடை கோவில்பட்டி. இந்த அவைக்குக் கோவில்பட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இடைசெவலும் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், பின்பு தேவதச்சன், கோணங்கி. அதே கரிசல் மண்ணில் தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் நடுவே ஹாக்கி மட்டையும் முளைத்திருக்கிறது. கோடை விடுமுறையில் அங்கே இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும். நான் ஒருமுறை போயிருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த ஒரு வங்கியின் அணிக்கும் ஓர் இரயில்வே அணிக்கும் ஆட்டம். இரண்டும் கோவில்பட்டிக்கு அயல். ஆயினும் படிக்கட்டு நிறைந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி வெற்றிலையை மென்றபடி, “அந்த ஏழாம் நம்பர் பயலுக்குப் பந்தக் குடுக்க மாட்டேங்கானுவ” என்று சலித்துக்கொண்டார். பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். கோட்டுக்குப் பின்னே ஐவர் காத்து நிற்பது ஏன், முதலில் ஓடிவருபவன் உடம்பைக் கொடுத்துத் தடுப்பது எப்படி என்று கையால் வரைந்து காட்டினார். கல்லூரி ஆசிரியை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அங்கே செயற்கைப் புல்தரை மைதானமும், மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிப் பயிற்சி விடுதியும் உள்ளன. செயற்கைப் புல் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. ஹாக்கியில் பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதன்முறை. இயற்கைப் புல்லில் பழகிய கைக்கு அத்தரை புதிது. அதைவிட, அதை விரிக்கும் பணம் நம் ஊர்களுக்கு எட்டாதது. அத்தரையை ஆட்டத்துக்கு முன் நீர் தெளித்து நனைக்க வேண்டும். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய கரிசல் ஊர், ஒரு விளையாட்டுக்காக மைதானத்தை நனைக்கிறது. நேசம் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த விடுதியில் பயின்றவர்கள் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீசுவரனும். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். எளிய வீட்டுப் பிள்ளைகள். எந்த ஏல அணியும் அவர்களைக் கண்டெடுக்கவில்லை. ஊரும் விடுதியும் பயிற்சியாளர்களும் வளர்த்து ஆளாக்கிய பின் ஏலம் வந்தது. அதனால்தான் கார்த்தி டிராகன்ஸ் சட்டையை அணிந்தபோது அந்தச் சட்டைக்கு ஒரு பெருமை வந்தது என்கிறேன். சட்டையால் அவருக்கு வந்ததன்று.

ரூர்கேலாவைக் குறைசொல்வதாக எண்ணிவிடக் கூடாது. அது அமைந்துள்ள சுந்தர்கர் மாவட்டம் ஒடிசாவின் கோவில்பட்டி. பழங்குடி ஊர்களில் ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்து ஹாக்கி ஆடுவார்கள். வென்ற அணி கிடாயை ஓட்டிச்செல்ல, ஊர் கூடி உண்ணும். பரிசிலை ஊரோடு பகிர்ந்துண்ட பாணர் கூட்டம் எனக்கு நினைவுக்கு வருகிறது. திலீப் திர்கே அந்த மாவட்டத்துக்காரர். இருபதாயிரம் பேர் அமரும் பிர்சா முண்டா மைதானம் 2023-இல் அங்கே எழுந்தபோது, அது அம்மக்களின் ஆட்டத்துக்குக் கூரை போட்டதாயிற்று. அங்கே அவர்கள் நம் அணியின் ஆட்டத்தையும் கைதட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு. கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டியின்மேல் ஆடுவது. வின்னிபெக் என்னும் குளிர்நகரத்தின் அணி ‘ஜெட்ஸ்’. கட்டுப்படியாகவில்லை என்று அதை அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்கு 1996-இல் கொண்டுபோய்விட்டார்கள். அணியைத் தக்கவைக்க ஊர்மக்கள் தெருவில் கூடினார்கள்; சிறுவர்கள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். போதவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2011-இல், அட்லாண்டாவிலிருந்து வேறோர் அணி அந்த ஊருக்கு வந்தது. அதற்கு ஊர்மக்கள் வேண்டிப் பெற்ற பெயர் எது தெரியுமா? ஜெட்ஸ். உரிமையாளர் அணியைத்தான் கொண்டுபோக முடிந்தது. பெயர் ஊரிலேயே தங்கியிருந்தது.

இதையெல்லாம் ஜீயபுரத்தில் நின்று ஏன் சொல்கிறேன்? இந்த ஊருக்கு இது நன்றாகப் புரியும். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டுக் காவிரியைக் கடந்து இங்குள்ள மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். ஆற்றுக்குக் குளிக்கப் போன பேரன் வெள்ளத்தில் சிக்கித் திரும்பாமல் பாட்டி தவித்ததும், அரங்கனே பேரன் உருவில் வந்து அவள் வைத்திருந்த பழைய சோற்றை உண்டதும், பின்பு மெய்யான பேரன் வாசலில் வந்து நின்றதும் உங்கள் வீடுகளில் சொல்லப்படும் கதை. நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று பழைய சோறும் மாவடுவும் படைக்கிறீர்கள். ஏழு மதிலுக்குள் இருப்பவர், தம்மைக் காண வராத கிழவியைத் தேடி வருகிறார். வந்து அவள் உண்பதை உண்கிறார். அவர் ‘நம்’ பெருமாள் ஆனது இப்படி வந்து வந்துதான் என்று எனக்குத் தோன்றும். வைணவ அறிஞர்கள் அப்பெயருக்கு வேறு வரலாறு சொல்வார்கள்; அதை நான் மறுக்கவில்லை.

நாற்பது கோடி, ஐம்பது கோடி என்று பேசுபவர்களை நாம் திருத்திவிட இயலாது. மகளிர் அணி ஒன்று அமையவேண்டும் என்று இந்த வட்டத்தின் சார்பில் ஒரு மடல் எழுதலாம், எழுதவேண்டும். விடை வருமா என்பது வேறு. ஆனால் நம் கைக்கு எட்டிய தொலைவில் ஒன்று இருக்கிறது. நான் சொன்ன மாணவி, தன் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பதினொரு சிறுமிகளைச் சேர்த்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். மட்டைகள் ஏழே உள்ளன. உடைந்தவற்றைத் துணிநாடா சுற்றி ஒட்டியிருக்கிறாள். கோல்காப்பாளருக்குக் காலுறை இல்லை. இரண்டு பழைய தலையணைகளைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். எதிராட அணி இல்லாததால் தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடுகிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். பார்த்த ஒரே ஆள் நான். ஓர் ஆடும் மேய்ந்துகொண்டிருந்தது. தன்னை ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார் என்று தெரிந்ததும் அந்தச் சிறுமிகளின் ஓட்டம் மாறிற்று. பெருஞ்சித்திரனார் கேட்டது இதைத்தான்.

நம் வட்டத்திடம் நாற்பது நாற்காலிகள் இருக்கின்றன என்று செயலாளர் கணக்கில் படித்தார். மாதத்தில் ஒரு நாள்தான் அவை விரிகின்றன. வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அங்கே ஆட்டம். மினிபேருந்து நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை. வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். நாற்காலிகளை ஏற்றிச் செல்ல வண்டிக்கு நான் சொல்லிவிட்டேன். கூட வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.